வெள்ளைச் சேவலும் ஒரு சொம்புத் தண்ணீரும்

காலை நடை முடிந்து நாம் உட்காரும் சிமெண்டு பெஞ்சில் போன வாரம் ஒரு தர்க்கம் நடந்தது. உங்களில் ஒருவர் நாட்டுக்கோழி முட்டைதான் முட்டை என்றார். இன்னொருவர் எல்லாம் ஒன்றுதான், ஓட்டின் நிறத்துக்குக் காசு வாங்குகிறார்கள் என்றார். மூன்றாமவர், கோழிக்கு மூளை கிடையாது, அதை வளர்ப்பவர்களுக்கும் அவ்வளவுதான் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார். கோழி வளர்த்த ஒருத்தியின் மூளை வேலை செய்வதை ஒன்பது வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்போது எனக்கு அது தெரியவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் கேரள எல்லைக்கு உள்ளே, கோவிந்தாபுரம் செக்போஸ்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. அரசாங்கக் காகிதங்கள் மலையாளத்தில் வரும். மற்ற எல்லாம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும். நிலக்கடலை, சோளம், வரப்போரத்தில் பனை, வெட்டிப் பாதியில் நின்ற ஒரு கிணறு. கோழிகளும் இருந்தன. ஆனால் அவற்றை வளர்த்ததாகச் சொல்ல முடியாது. அவை எங்களோடு குடியிருந்தன, அவ்வளவுதான். ஒரு நாட்டுச் சேவல், மூன்று நான்கு பெட்டைகள், தனியாக முருங்கை மரத்தில் ஏறித் தூங்கும் ஒரு கறுப்புக்கோழி.

பிளாக் ஆபீசில் பெண்களுக்குச் சீமைக்கோழி கொடுக்கிறார்கள் என்று அம்மா எப்படியோ கேள்விப்பட்டாள். அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் தனியாகப் பஸ் ஏறிப் போய், மாலையில் ஒரு பெரிய மூங்கில் கூடையோடு இறங்கினாள். கண்டக்டர் கூடைக்கு டிக்கெட் கேட்டாராம். உள்ளே எத்தனை உருப்படி என்றும் கேட்டாராம். "அரசாங்கத்துக் கோழிங்க. அரசாங்கத்துப் பஸ்ஸுல டிக்கெட்டா கேப்பீங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். கண்டக்டர் யோசிப்பதற்குள் எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.

கூடையில் ஒன்பது இளம் பறவைகள். வெள்ளை லெகான் ஐந்து. அதில் ஒன்று சேவல். செவலை நிறத்தில் மூன்று பெட்டைகள். அந்த ஜாதிக்கு ஏதோ தீவின் பெயர் என்று பிளாக்கில் சொன்னார்களாம். வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு அது மறந்துவிட்டது. ஒன்பதாவது, கழுத்தில் ஒரு மயிர்கூட இல்லாமல், வேகவைத்துப் பாதியில் எழுந்து வந்ததுபோல் ஒன்று. கூடவே ஒரு நோட்டீஸ், மலையாளத்தில், மேலே சேவல் படத்தோடு. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். ஆகவே சீமைக்கோழி வளர்ப்பு குறித்து அந்த வீட்டின் நிபுணர் நானானேன். எழுத்துக்கூட்டி வாசித்து, பாதிக்கு அர்த்தம் சொல்லி, மீதிக்கு என் சொந்த அர்த்தத்தைச் சொன்னேன்.

வாய்க்காலுக்கு அக்கரையில் பெரியப்பா வீடு. அப்பாவின் அண்ணன். மறுநாள் காலையிலேயே வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"ஏண்டா தம்பி, உன்ற ஊட்டுல கொக்கு வளத்தறீங்களாமா?"

அப்பா சிரித்தார். அண்ணன் எது சொன்னாலும் அப்பா முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் யோசிப்பார். அம்மா எங்கள் பக்கத்து வழக்கப்படி கணவனின் அண்ணனோடு நேரே பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வாள். நான் இல்லாவிட்டால் கோழிகளிடம் சொல்வாள். அவர் காதில் விழும்படி சொல்வாள்.

"கொக்கா இருந்தா மீனத் தேடிப் போயிருக்கோணும். இது சோளத்தப் பாத்து நிக்குது. கண்ணிருக்கறவங்களுக்குத் தெரியும், இல்லடி?" என்று ஒரு லெகான் பெட்டையிடம் கேட்டாள்.

பெரியப்பாவிடம் ஒரு நாட்டுச் சேவல் இருந்தது. அடர் சிவப்பு உடம்பு, செம்புக்கம்பி மாதிரி கழுத்து, வால் கறுப்பு. யார் வந்தாலும் பேச்சை அந்தச் சேவலிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். "அதுக்கு ஊசி போட்டா ஊசிதான் உடையும்" என்பார். அது பெரும்பாலும் வாய்க்கால் கரையில், இரண்டு தோட்டத்தையும் பார்க்கிற மாதிரி நிற்கும். அவரும் அப்படித்தான் நிற்பார்.

மொட்டைக் கழுத்துக்காரிக்கு ஏதோ நோய் என்று அம்மா முடிவு செய்தாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தினமும் அதன் கழுத்தில் பூசினாள். நான் காலைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு வாரம் பூசியும் ஒரு மயிர் முளைக்கவில்லை. கழுத்து மஞ்சளாகி, அது கல்யாணப்பெண் மாதிரி தோட்டத்தில் உலாவியது. மூன்றாவது வாரம் மிருகாசுபத்திரி டாக்டர் சைக்கிளில் வந்தார். மலையாளத்துக்காரர், எங்களிடம் பேசுவது தமிழ் என்று மனதார நம்பியவர். மஞ்சள் கழுத்தை விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"அம்மே, இதுக்கு அசுகம் ஒன்னும் இல்ல. இதோட ஜாதி இங்ஙனெயாக்கும்."

"இதுக்கு மேல மயிரு வளராதுங்களா?"

"எனக்கும்தான் வளரல்ல," என்று டாக்டர் தொப்பியைக் கழற்றித் தன் வழுக்கையைக் காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. மீதி மஞ்சளை வழித்து ரசத்தில் போட்டாள்.

மார்கழியில் வெள்ளைக்கோழிகள் முட்டையிடத் தொடங்கின. அப்படி ஒரு முட்டை வரத்தை எங்கள் வளவு கண்டதில்லை. சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த முட்டைகள் தினமும் மூன்று, நான்கு. அம்மாவுக்கு முட்டை பெரிதில்லை. குஞ்சு வேண்டும். தோட்டம் முழுக்க வெள்ளையாய்க் குஞ்சு மேய வேண்டும், வாய்க்கால் கரையில் நிற்பவர் அதைப் பார்க்க வேண்டும். அதற்காக நாட்டுச் சேவல் வெள்ளைப் பெட்டைகளின் பக்கம் வந்தாலே விரட்டிவிட்டாள். வைக்கோல் போட்ட கூடையில் பதினொரு முட்டைகளை அடுக்கி, எது அடைக்கு உட்காரும் என்று காத்திருந்தாள். எது உட்கார்ந்தது என்று பார்த்துவந்து சொல்வது என் வேலை. ஒன்றும் உட்காரவில்லை. முட்டை போட்டதும் எழுந்து, ஒருமுறை கத்திவிட்டு, திரும்பிப் பாராமல் போயின.

"அஞ்சு மணியானா எந்திரிச்சுப் போற உத்தியோகக்காரிகளாட்ட இருக்குது," என்றார் பெரியப்பா.

லெகானுக்கு அடைகாக்கிற பழக்கமே அற்றுப்போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். முட்டையிடுவதற்கென்றே பெருக்கிய ஜாதி. நோட்டீசில் அது ஒரு முழுப் பத்தி. அந்தப் பத்திக்கு நான் சொல்லியிருந்த அர்த்தம் வேறு.

ஆகவே முருங்கை மரத்துக் கறுப்புக்கோழியைப் பிடித்து முட்டைமேல் வைத்தோம். அது மாற்றான் முட்டை என்று பார்க்கவில்லை. இருபத்தொரு நாள் உட்கார்ந்தது. இருபத்து நான்காவது நாள் நாற்றம் தாங்காமல் அப்பா கூடையை வெளியே எடுத்தார். பதினொன்றும் கூமுட்டை. டாக்டர் எங்களுக்காக வருந்தினார். பிறகு என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். நான் மெதுவாகப் போனதால் கேட்டது: "சேவல் அப்ப குட்டியாணு அம்மே. இனி சரியாகும்."

அம்மா அதை மனதில் குறித்துக்கொண்டாள். அதுமுதல் வெள்ளைச் சேவலுக்குக் கம்பு தனியாக ஊறவைத்தாள். மாசியில் அது நன்றாகத் திரண்டு, சிவந்த கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, காதருகே வெள்ளைத் தோடு போட்டதுபோல் ஒரு சதையோடு, பெட்டைகளின் நடுவே தன் கடமையைச் செய்துகொண்டு திரிந்தது. அடுத்த அடைக்குக் கறுப்புக்கோழி தயாராக வேண்டியதுதான் பாக்கி.

அந்த மாசியில்தான் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. டாக்டர் முன்பே வந்து ஊசி போட்டிருந்தார். சீமைக்கோழிகள் ஒன்பதுக்கும் போட்டார், நாட்டுக்கோழிகளைப் பிடிக்கப் போகும்போது பெரியப்பா கரையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "நாட்டுக்கோழிக்கு எதுக்குடா ஊசி? அது என்ன, பள்ளிக்கூடத்துப் புள்ளையா?" அப்பா சிரித்தார். டாக்டர் ஊசியை மூடிவிட்டார். கழிச்சல் வந்த நான்கு நாளில் எங்கள் நாட்டுச் சேவலும் பெட்டைகளும் தலை தொங்கி விழுந்தன. தனியாகத் தூங்கிய கறுப்புக்கோழி மட்டும் கழிச்சலுக்கும் தண்ணி காட்டிவிட்டு நின்றது. பெரியப்பா தன் சேவலை அந்த வாரம் முழுக்க மூங்கில் கூடாப்பில் கவிழ்த்து, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

ஆக, எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு சேவல். அந்த வெள்ளைச் சேவல்.

இனிமேல் அப்பாவின் கிணற்றுக்கு வர வேண்டும். சீமைக்கோழிகள் வருவதற்கு முன்பே பாறையில் முட்டி நின்ற கிணறு அது. வெடி வைக்கிறவர்கள் வந்து இறங்கிய அன்று, வரப்போரத்து முனியப்பன் கல்லுக்கு முன்னால் அப்பா கைகூப்பி, "சாமி, இந்தக் கெணத்துல தண்ணி வந்துட்டா என்ற ஊட்டுச் சாவல உனக்கு அறுக்கறனுங்க" என்று சொல்லியிருந்தார். அப்போது வீட்டுச் சேவல் என்றால் நாட்டுச் சேவல். பெரியப்பாதான் சாட்சி. மாசிக் கடைசியில், கோழிகளைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தென்கிழக்கு மூலையில் வைத்த வெடியில் பாறை பிளந்து தண்ணீர் வந்தது.

பெரியப்பா முதலில் வந்து எட்டிப் பார்த்தார். அப்பாவின் தோளில் கைபோட்டார்.

"நீ வேற நான் வேறயாடா தம்பி? வாய்க்கா குறுக்க ஓடுனா ஊடு ரெண்டாயிருமா? ஒரே ஊடுதான். வாரத்துல ரெண்டு நாளு தண்ணி எனக்கு உட்டுரு."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்றார். அண்ணன் தோளிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டார்:

"சாமிக்குச் சாவல் எப்ப?"

அப்பா வெள்ளைச் சேவலைப் பார்த்தார். சந்தையில் நல்ல நாட்டுச் சேவலாக ஒன்று வாங்கி வந்துவிடலாமா என்று கேட்டார்.

"ஊட்டுச் சாவல்னு சொல்லிப்போட்டு சந்தைச் சாவலக் குடுப்பியா? சாமி கண்ணு அவிஞ்சா போச்சு? அப்புறம் கெணறு வத்துச்சுன்னா எங்கிட்ட வரப்படாது."

கிணறு வற்றும் என்று கேட்டதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. பங்குனிக் கடைசிச் செவ்வாய் என்று நாள் குறித்தார்கள். இடையில் நான்கு வாரம். அந்தச் சேவல் போனால் வருகிற முட்டையெல்லாம் கூமுட்டைதான் என்பது எங்கள் வீட்டில் எனக்கே தெரியும். பிளாக்கில் ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் கோழி கொடுப்பார்கள். அம்மா அன்று கோழிகளிடம்கூட ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, நெளிந்த அலுமினியச் சொம்பில் தண்ணீரும் ஒரு வேப்பங்கொத்தும் கொடுத்தாள்.

"வெயிலு கொளுத்துது. தினமும் இந்நேரத்துக்குச் சாவல் மேல தெளிச்சு உடு அம்மிணி."

"நோட்டீசுல நெழலும் குடிக்கத் தண்ணியும்தான் போட்டிருக்குது. தெளிக்கச் சொல்லலியே."

"நோட்டீசு எழுதுனவங்க நம்மூரு வெயிலப் பாத்திருக்காங்களா? தெளி."

தெளித்தேன். முதல் நாள் சேவல் திடுக்கிட்டு, உடம்பெல்லாம் மயிரை நிமிர்த்தி, என் பாவாடை நனையும்படி சிலுப்பி உதறியது. ஐந்து முறை. எனக்கு எதையும் எண்ணும் பழக்கம் அப்போதே உண்டு. நாலாம் நாள் மூன்று முறை. ஒரு வாரத்தில் ஒருமுறை, அதுவும் பாதி. பத்தாம் நாள் முதல் உச்சிவேளையானால் அதுவே முருங்கை மரத்தடிக்கு வந்து நிற்கும். தெளித்தால் கண்ணை மூடிக்கொள்ளும். தலையில் நேராக ஊற்றினாலும் அசையாது. அலகில் வழிகிற சொட்டை மட்டும் வாயைத் திறந்து குடிக்கும். "நல்லாப் பழகிருச்சும்மா" என்று நான் பெருமையோடு சொன்னேன். "அப்பிடியா கண்ணு?" என்று அம்மா கம்பு புடைத்துக்கொண்டே கேட்டாள். தலையைத் தூக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முனியப்பன் கல்லைச் சுற்றி முப்பது பேர் நின்றோம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, அண்டாவில் தண்ணீர் கொதித்தது. மசாலா அரைத்தாயிற்று. பெரியப்பா புது வேட்டி கட்டியிருந்தார். அப்பா வெள்ளைச் சேவலை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார்; அம்மா இருந்த பக்கம் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்து முறை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அறுப்பதற்கு முன் பூசாரி தீர்த்தம் தெளிப்பார். ஆடோ சேவலோ, அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தி வைக்க மாட்டார்கள்.

பூசாரி சேவலைக் கல்லின் முன் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். சேவல் கண்ணை மூடிக்கொண்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். பூசாரி மறுபடி தெளித்தார். சேவல் இறகைச் சற்றுத் தளர்த்தி, இன்னும் வசதியாக நின்றது.

"கொஞ்சம் அள்ளி ஊத்துங்க," என்றார் பெரியப்பா.

பூசாரி அள்ளி ஊற்றினார். சேவல் வாயைத் திறந்து, அலகில் வழிந்த தீர்த்தத்தைக் குடித்தது. கூட்டத்தில் ஒரு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"காதுல ரெண்டு சொட்டு உடுங்க. தானா உதறும்," என்றார் பெரியப்பா.

பூசாரி குனிந்து தேடினார். "வெள்ளையாத் தோடு இருக்குது. காது எங்கீங்க இருக்குது?"

"அதுக்குக் கீழ பாருங்க."

"நீங்களே வந்து பாருங்க."

பெரியப்பா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேவலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காது என்று அவர் நினைத்த இடத்தில் ஊதினார். சேவல் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. அப்பா கல்லின் முன்னால் விழுந்து, "என்ன குத்தம் சாமி, சொல்லிப்போடு" என்றார். அவருக்குக் கிணறுதான் கண்ணில் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பழக்கியது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. கூட்டத்தில் நெருங்கி நிற்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "சாமிக்கு இது வேண்டாமாட்ட இருக்குதுங்க. சீமைச் சரக்கு, பிடிக்கலியோ என்னமோ. ஆனா நேந்துக்கிட்டு வெறுங்கையோட போவக்கூடாதுங்க. ஊட்டுச் சாவல் வேற இருக்குதுங்களா?"

அண்டா கொதித்தது. அப்போது அம்மா என்னிடம், சும்மா ஞாபகத்துக்குக் கேட்பதுபோல், ஆனால் முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, கேட்டாள்:

"ஏ அம்மிணி, நாமெல்லாம் ஒரே ஊடுன்னு அன்னிக்குப் பெரியப்பா சொன்னாங்கல்ல?"

"ஆமாம்மா. கெணத்துத் தண்ணி கேக்கறப்பச் சொன்னாங்க," என்றேன். நிபுணரின் குரலில் சொன்னேன்.

முப்பது தலைகளும் வாய்க்கால் பக்கம் திரும்பின. செம்புக் கழுத்துச் சேவல் வழக்கம்போல் கரையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது... அது வேற பேச்சு," என்றார் பெரியப்பா.

"ஏனுங்க, ஒரே ஊடுங்களா, ரெண்டு ஊடுங்களா? எதாச்சும் ஒண்ணு சொல்லுங்க," என்றார் பூசாரி. "ரெண்டு ஊடுன்னா தண்ணியும் ரெண்டாயிருமுங்களே."

பெரியப்பா கிணற்றைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். கடைசியில் தம்பியைப் பார்த்தார். அப்பா அன்று சிரிக்கவில்லை. ஆயுளில் முதல் தடவையாக, சிரிக்காமல் அண்ணன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சுட்டு வாங்கடா," என்றார் பெரியப்பா.

அந்தச் சேவலைப் பிடிக்க ஐந்து பேர் அரைமணி நேரம் ஓடினார்கள். கல்லின் முன் கொண்டுவந்து நிறுத்தி, பூசாரி கையைத் தூக்கினார். தண்ணீர் முழுதாக அதன்மேல் விழவில்லை. அதற்குள் அது கழுத்திலிருந்து வால்வரை சிலுப்பி உதறியதில் பூசாரியின் திருநீறு கரைந்தது. "பாத்தீங்களா, சாமி எதக் கேட்டுச்சுன்னு!" என்றாள் அந்த அத்தை. பெரியப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கறி வேக இரண்டு கட்டு விறகு ஆயிற்று. பெரியப்பா முதலில் இலைக்கு வரமாட்டேன் என்றார். பிறகு சாறு மட்டும் போதும் என்றார். பிறகு, "நல்ல சாவலு, அதான் சாறு இப்பிடி இருக்குது" என்று இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். கிணறு வற்றவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் அவருக்குத்தான் போயிற்று. வைகாசியில் கறுப்புக்கோழி ஒன்பது வெள்ளைக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரைவரை மேயப் போயிற்று.

எங்கள் வெள்ளைக்கோழிகள் நான்கு, செவலைகள் மூன்று, மொட்டைக் கழுத்துக்காரி ஒன்று. வெயில் எல்லார் மேலும்தான் அடித்தது. சேவலைத் தவிர வேறெதன் மேலும் ஒரு சொட்டுத் தெளிக்க அம்மா சொன்னதில்லை. இந்த ஒரு வரி எனக்கு உறைத்தபோது நாற்பது வயது. மாடியில் துணி உதறிக்கொண்டிருந்தேன். உதறிய துணியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், "வெயிலு காலமாச்சே கண்ணு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கறி வெந்துகொண்டிருந்தபோது, நான்தான் வெள்ளைச் சேவலை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உச்சிவேளை ஆகியிருந்தது. வழக்கப்படி சொம்பில் தண்ணீர் மொண்டேன். பெரிய கரண்டி எடுக்க வந்த அம்மா அதைப் பார்த்தாள்.

"இனி வேண்டாம் அம்மிணி. போதும்."

"வெயிலடிக்குதேம்மா."

"அது தாங்கிக்கும்," என்று சொல்லி, கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சித்திரை இன்னும் பிறக்கவே இல்லை. வெயில் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. முருங்கை மரத்தடியில் சேவல் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, தண்ணீருக்குக் காத்துக்கொண்டு நின்றது.